தக்காளி சூப் ஆறும் வரை

கடிகாரக்காரருக்குக் கல்யாணம் ஆனபோது தலை பாதி நரைத்துவிட்டது. பெண்ணை அவரே பார்த்தார், அவரே பேசி முடித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மனுஷனுக்கு அத்தனை சாமர்த்தியம் ஏது? கடை வாசலில் நின்று போகும் பஸ்ஸை ஓட்டிவந்த அம்மாள் ஒருநாள் தன் கைக்கடிகாரம் ஓடவில்லை என்று கொடுத்துவிட்டுப் போனாள். சரியானதும் வந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதே கடிகாரத்தை மறுபடியும் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் அதைத் திறந்து பார்த்து, “இதுல ஒண்ணும் கோளாறு இல்லையே” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் அவருடைய அண்ணி வந்துதான் விஷயத்தை அவர் மண்டையில் ஏற்ற வேண்டியிருந்தது.

கல்யாணத்தில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. இத்தனை வருஷமாகக் கடையின் பின்னறையில், சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டவர். இனி எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகவே சமையலறை ஜன்னலோரம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன மேஜை ஒன்று வாங்கிப் போட்டார்.

ஆனால் டிரைவரம்மா சாப்பிடுகிற வேகம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, அடுத்த நடை கிளம்புவதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டே பழகியவள். இவர் முதல் வாயை மென்று முழுங்கிவிட்டு நிமிர்வார். எதிர் நாற்காலி காலியாக இருக்கும். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கும். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாங்க?” என்று கேட்டபடி அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். வேகமாக ஓடும் கடிகாரத்திடம் கொஞ்சம் மெதுவாக ஓடேன் என்று கெஞ்சுகிற வழக்கம் அவர் தொழிலில் இல்லை. சத்தம் போடாமல் பின்பக்கம் திறந்து உள்ளே எதையாவது தொட்டுச் சரிசெய்வார்கள். பெண்டாட்டியிடமும் அந்த வேலையைக் காட்டப் பார்த்தார், பாவம்.

கடைக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் கடை. எவ்வளவு அவசரமாக ஓடிவருகிறவனும் அங்கே தக்காளி நூடுல்ஸ் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். இதைக் கவனித்த நம் ஆள் ஒருநாள் சமையல்காரரிடம் போய், “இது ஆற எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

சமையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாரும் எப்படிச் செய்யறதுன்னுதான் கேப்பாங்க. செய்யறது சட்டுனு ஆயிடும் சார். ஆறத்தான் நேரம் பிடிக்கும். மேல எண்ணெய் மிதக்குது பாருங்க, அது சூட்டை வெளிய விடாது.”

எண்ணெயா? இவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. செய்முறையையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று மாலை கடையைச் சீக்கிரமே சாத்தினார். நன்றாகப் பழுத்த தக்காளியாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார். இஞ்சியையும் பூண்டையும் நறுக்கிய லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே, ஒவ்வொரு துண்டும் கடிகாரத்துக்குள் போட்டால்கூடப் பொருந்தும். எண்ணெயில் அவை வாசம் வரும்வரை வதங்க, தக்காளியையும் உப்பையும் போட்டு, தோல் சுருண்டு சதை குழையும்வரை கிளறினார். சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை, மேலே வெந்நீர். தளதளவென்று கொதித்ததும் நூடுல்ஸ். அது வெந்ததும் அடித்த முட்டையை மெல்லிய தாரையாகச் சுற்றி ஊற்றினார். வெங்காயத்தாளைத் தூவினார். கடைசியில் நல்லெண்ணெய். பழக்கதோஷத்தில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தவர், காரியம் ஞாபகம் வந்து தாராளமாகவே ஊற்றினார்.

டிரைவரம்மா டியூட்டி முடிந்து வந்தாள். வாசலிலேயே மூக்கு வேலை செய்தது. “நீங்களா செஞ்சீங்க?” என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். சுட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். கடிகாரக்காரர் மனசுக்குள் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் டியூட்டிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, கிண்ணத்தில் கடகடவென்று ஊற்றி ஒரு கலக்குக் கலக்கினாள். கடைசி நிறுத்தத்து டீயை அவள் அப்படித்தான் குடிப்பாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கண்மூடித் திறப்பதற்குள் கிண்ணம் காலி. “ரொம்ப நல்லாருந்துச்சுங்க” என்று எழுந்தாள்.

அவர் முகம் தொங்கிப்போனது. கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“எங்கூட கொஞ்ச நேரம் உட்காரக் கூடாதா நீங்க? சாப்பாடு எனக்குப் பெரிசில்ல. நீங்க எதிர்ல இருக்கணும். அவ்வளவுதான்.”

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“நான் உட்கார்ந்திருந்தா உங்களுக்கு இடைஞ்சல்னு நெனச்சேன்” என்றாள். “நீங்க ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. தட்டையே பாத்துக்கிட்டிருப்பீங்க. தனியா இருந்து பழகின மனுஷன், நிம்மதியா சாப்பிடட்டும்னுதான் எந்திரிச்சுப் போயிடுவேன். மெதுவா சாப்பிட எனக்கு மட்டும் ஆசையில்லையா? பஸ் எப்பக் கிளம்பும்னு முப்பது பேர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டிருக்க, ஸ்டியரிங் பக்கத்துல டப்பாவை வெச்சுச் சாப்பிட்டவ நான்.”

தப்பு தன் பக்கமும் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அவளே சட்டியில் மிச்சமிருந்த சூப்பைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாட்டிலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஆவி பறந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

“பேசுங்க” என்றாள்.

இந்த நாளுக்காகத்தானே மேஜை வாங்கினார், அடுப்படியில் நின்று வெந்தார்? ஆனால் மனுஷனுக்கு ஒரு வார்த்தை வரவேண்டுமே.

“சூடா இருக்கு” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அத்தனை பக்கத்தில் பார்த்ததும் அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. குனிந்து, ஊதக்கூட மறந்து, தன் கிண்ணத்திலிருந்ததை வாரி வாரிப் போட்டுக்கொண்டார். நாக்கு வெந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசி நூடுல்ஸையும் உறிஞ்சிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவ எழுந்தார்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எங்க போறீங்க? நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கல. உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். அவள் ஒரு கரண்டி எடுத்து ஊத ஆரம்பித்தாள்.