குழந்தை தூக்கிய கூலி

ஒரு வயதுக் குழந்தை தோளில் சாய்ந்து தூங்கும்போது கழுத்தோரம் வழிகிற எச்சிலுக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு; கூடவே வசம்பும் புளித்த பாலும் கலந்த ஒரு வாடை. அதைத் தெய்வீகம் என்று எழுதுகிறவர்கள் கால்மணி நேரத்துக்கு மேல் குழந்தை தூக்கியிருக்க மாட்டார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நான் ஒரு கோடை முழுவதும் தூக்கினேன். காசுக்கு.

துடியலூரில் நாங்கள் குடியிருந்தது மில்காரர்கள் நிறைந்த 'லைன்வீடு'. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். முழுப்பரீட்சை லீவு விட்டதும் என் அண்ணன் லேத் பட்டறைக்கு நட்டு பொறுக்கப் போனான். சனிக்கிழமை அவன் கொண்டுவந்த சம்பளத்தை அம்மா சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்தாள். அதே லீவில் பக்கத்து வீட்டு சரோஜாக்கா, மில்லுக்குப் போகும்போது தன் மகன் கதிரை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவார். சாயங்காலம் எனக்குக் கிடைப்பது 'தங்கமான புள்ளை' என்ற பட்டம். அந்தப் பட்டத்தைக் காட்டினால் வாடகை சைக்கிள் கடையில் சைக்கிள் தரமாட்டார்கள். எனக்கோ லீவு முடிவதற்குள் சைக்கிள் பழகியாக வேண்டும். அடுத்த வகுப்புக்கான பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது. சைக்கிள் தெரியாத பெண்ணை அங்கே அனுப்புவார்களா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்.

ஒருநாள் காலை, நீட்டிய குழந்தையை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்கக்கா, ஒரு நாளைக்கு எட்டணா குடுத்தீங்கன்னா பாத்துக்கறனுங்க. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குங்க."

கலகம்கூட எங்கள் ஊரில் 'ங்க' போட்டுத்தான் நடக்கும்.

அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு ஓடிவந்தாள். "புள்ளை தூக்கறதுக்குக் காசு கேக்கறயா? நான் எப்படிடி இவ மூஞ்சில முழிக்கறது? சரோஜா, நீ புள்ளையக் குடுத்துட்டுப் போ. அவ கெடக்கறா."

"அண்ணன் மட்டும் வாங்கறான்?"

"அவன் வேலைக்குப் போறான்."

"அவன் பொறுக்கற நட்டு மடியில ஒண்ணுக்குப் போகுமா?"

சரோஜாக்கா சிரிக்கவில்லை. மில் சங்கு ஊதிவிடும் நேரம். "நான் என்ன சும்மாவா மில்லுக்குப் போறேன்? அம்மணி கேக்கறது நாயந்தானுங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "ஆனா கண்ணு, காசு வாங்கினா வேலைக்காரி. தப்பு நடந்தா கூலியில புடிச்சுக்குவேன்."

அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். "கூலிக்காரி வந்துட்டா, சோறு போட்டுக்கச் சொல்லு" என்று அண்ணன் மூலமாகத் தகவல் வரும். நானும் பதில் அனுப்பினேன், ரசம் ஆறிவிட்டது என்று.

அப்புறம் அந்தத் தப்பு நடந்தது. நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் கதாநாயகியோடு அழுதுகொண்டிருந்த நேரத்தில், கதிர் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு தின்றுவிட்டான். மில்லிலிருந்து வந்த சரோஜாக்கா, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், அவன் வாயைத் திறந்து வெள்ளை நாக்கைப் பார்த்தார்.

"இன்னிக்குக் காசு கெடையாது."

"நல்லா வேணும்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. இத்தனை நாள் கழித்து நேரடியாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். மூக்கைத் துடைக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. தங்கமான புள்ளைகளுக்கு யாரும் கூலி பிடிப்பதில்லை. பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? நான் செய்வது வேலைதான் என்பது அந்த லைன்வீடு முழுவதற்கும் அன்றைக்குத்தான் ஊர்ஜிதமானது. மறுநாள் காலை, சங்குக்கு முன்பே போய் அவர் வாசலில் நின்றேன்.

அந்தக் கூலியில் வாடகை சைக்கிள் எடுத்து, முழங்கால்களில் தோல் மிச்சமில்லாமல் பழகினேன். தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிளில்தான் போனேன். இதில் அம்மா வெட்கப்பட என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது அந்த மில் இல்லை, சங்கு இல்லை, வாடகை சைக்கிள் கடை இல்லை. லைன்வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. அதற்கு அடுத்த தெருவில் இன்னொரு அடுக்குமாடியில் நான். போன வாரம் எதிர்வீட்டுப் பெண் குழந்தையோடு வந்தாள்.

"ஆன்ட்டி, ஊட்ல சும்மாதான எழுதிட்டிருக்கீங்க? பாப்பாவ ரெண்டு மணி நேரம் பாத்துக்கறீங்களா?"

"மணிக்கு எவ்வளவு குடுப்பீங்க கண்ணு?" என்று கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நகைச்சுவை எழுதுகிறவள் வாயைத் திறந்தால் சிரிப்பதுதான் மரியாதை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவள் சிரித்து முடிக்கும்வரை, கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நின்றேன்.