பத்திரிகையில் இல்லாத பேர்

ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அரிசி மில்லுக்குப் போகும் சந்தில் ஒரு இட்லிக் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. ஆனாலும் துலுக்காணம் கடை எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் இறக்கிவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் அந்தப் பெயரை நம்பி வந்து நின்று, "பிரியாணி இருக்குங்களா?" என்று கேட்பார்கள். "இட்லி, வடகறி. வேணும்னா உக்காருங்க" என்பாள் துலுக்காணம். குரலில் ஒரு வெடுக்கு இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவள், எத்தனை பேருக்குத்தான் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவாள்?

அவள் பிறந்தது பெரணமல்லூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்ததும், அவள் அம்மா ஈரத்துணியோடு ஏரிக்கரை துலுக்காணத்தம்மன் முன்னால் குழந்தையைக் கிடத்தி, இது பிழைத்தால் உன் பேரையே வைக்கிறேன் என்று அழுதிருக்கிறாள். பிள்ளை பிழைத்தது. பேரும் நிலைத்தது.

அந்தப் பேருக்குத்தான் எத்தனை சொந்தக்காரர்கள். ஆற்காட்டு நவாப் ஆண்ட சீமை முழுவதையும் அந்தக் காலத்தில் துலுக்காணம் என்றார்களாம். முஸ்லிம்களைத் துலுக்கர் என்பார்கள். அவர்கள் வீட்டில் பேசும் உருதுவைத் துலுக்கு என்பார்கள். சாமி, சீமை, சனம், பாஷை எல்லாம் சேர்ந்து ஒரு கூலிக்காரன் வீட்டுப் பெண்ணின் தலைமேல் உட்கார்ந்துகொண்டன. பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தால் பிள்ளைகள் நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார்கள். கல்யாணமாகி ஆரணிக்கு வந்து வாடகைக்கு வீடு தேடியபோது, பேரைக் கேட்டதும் வீட்டுக்காரர் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "நாங்க அவங்க இல்லீங்க. இது அம்மன் பேருங்க" என்று அவள் புருஷன் துரை கெஞ்சிய பிறகுதான் கதவு திறந்தது. அன்றிலிருந்து அந்த வாக்கியம் அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. யார் எங்கே புருவத்தைத் தூக்கினாலும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

துரை மில்லில் மூட்டை தூக்கினான். அவள் மாவாட்டினாள். ஒரே பிள்ளை. துரைதான் ஆசைப்பட்டு தமிழ்செல்வன் என்று பேர் வைத்தான். இட்லித் தட்டின் ஆவியிலேயே அவனைப் படிக்கவைத்தார்கள். இப்போது வேலூரில் ஒரு கார் ஷோரூமில் அவன் மேனேஜர். போளூரில் பெண் பார்த்து முடித்திருந்தது. பெண் சங்கீதா, தகப்பன் அய்யனார் உரக்கடை வைத்திருப்பவர்.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று மத்தியானம், கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள் துலுக்காணம். 'துரை – துளசி தம்பதியரின் புதல்வன்' என்று இருந்தது. வேறு யாருடைய பத்திரிகையோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கீழே தமிழ்செல்வன் பேர் இருந்தது.

"யார்ரா துளசி?" என்றாள்.

தமிழ்செல்வன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா பத்திரிகைக்குத்தாம்மா. பொண்ணு பாக்கப் போனப்பவே அப்டித்தான் சொல்லி வச்சேன். அவங்க பக்கம் ஒரு மாதிரி பேசுவாங்க. ஒவ்வொருத்தருக்கா நின்னு விளக்கஞ் சொல்லிகினு இருக்க முடியுமா?"

"ஒரு மாதிரின்னா?"

"உனக்குத் தெரியாதா? விடும்மா, பேஜார் பண்ணாத."

"உனக்கு பாஷையோட பேரு வச்சாரு உங்கப்பா. அது உனக்கு பெருமையா கீது. எனக்கு எங்கம்மா சாமி பேரு வச்சா. அது அசிங்கமா பூட்ச்சா?"

துரைதான் குறுக்கே வந்தான். "இந்தாம்மே, நல்ல காரியம் நடக்கற நேரம். கல்யாணம் முடியட்டும்."

அவள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். அடுப்பைப் பற்றவைக்கக்கூட கை வரவில்லை. பக்கத்தில் வளையல் வண்டி போட்டிருக்கும் ஜரீனா வழக்கம்போல் தண்ணீர் வாங்க சொம்போடு வந்தாள். பல வருஷப் பழக்கம். ஒருத்தி கடையை இன்னொருத்தி நம்பி விட்டுவிட்டுப் போகிற அளவுக்குப் பழக்கம்.

"பாரு ஜரீனா, பெத்தவ பேர மாத்திட்டான் எம்புள்ள" என்று பத்திரிகையை நீட்டினாள். பொங்கிக்கொண்டு வந்தது. "நான் இன்னா துலுக்கச்சியா, பேர மறைக்கிறதுக்கு?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஜரீனா பத்திரிகையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் மறைக்கணுமாக்கா?" என்றாள்.

"தெரியாம வந்துட்ச்சி ஜரீனா."

"தெரிஞ்சிதான் வந்துது. பரவால்ல. தண்ணி ஊத்து, வெயிலு கொளுத்துது."

துலுக்காணம் சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினாள். அதுவரை கோபம் பிள்ளைமேல் மட்டும் இருந்தது. இப்போது அது எல்லாப் பக்கமும் பரவியது. சாவியைப் பையில் போட்ட வீட்டுக்காரர்மேல், அவரிடம் கெஞ்சிய புருஷன்மேல், ஆயுசு முழுக்க 'நாங்க அவங்க இல்லீங்க' என்று ஒப்பித்த தன் வாய்மேல். யாரோ தன்மேல் திருட்டுப் பட்டம் கட்டிவிட்ட மாதிரியல்லவா ஓடி ஓடிப் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதில் ஒவ்வொரு தடவையும் பக்கத்து வண்டியில் நின்ற இவள்மேல் அல்லவா போய் விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் பத்திரிகையைப் பற்றிப் பேசவில்லை. முறுக்கு சுட்டாள், சீர்த்தட்டு அடுக்கினாள். கோபம் தணிந்துவிட்டது என்று அப்பனும் பிள்ளையும் நினைத்துக்கொண்டார்கள்.

போளூரில் கல்யாண மண்டபம். வாசலில் கட்டியிருந்த பேனரிலும் துரை, துளசி. சாயந்திரம் ரிசப்ஷன். மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருந்தது. துலுக்காணம் அரக்குப் பட்டுச் சேலையில், ஜரீனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே இருந்தாள். பாட்டு நின்றது. மைக் பிடித்தவர் சிரித்த முகமாக, "மணமகனின் பெற்றோர் திரு. துரை, திருமதி. துளசி, மேடைக்கு வரவும்" என்றார்.

துரை எழுந்து போனான். மேடையேறித் திரும்பிப் பார்த்தால் பொண்டாட்டியைக் காணோம்.

"திருமதி துளசி அம்மா, போட்டோ எடுக்க வாங்க" என்றார் மைக் பிடித்தவர்.

துலுக்காணம் அசையவில்லை. முன்வரிசைத் தலைகள் திரும்பின. "போக்கா" என்று ஜரீனா முழங்கையால் இடித்தாள். "என்னக் கூப்புடல" என்றாள் துலுக்காணம்.

மறுபடியும் துளசியைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. கடைசியில் மாப்பிள்ளையே கோட்டும் மாலையுமாக இறங்கி வந்து அவள் காதருகே குனிந்தான்.

"வாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"மானத்த வாங்காதம்மா."

"உம் மானத்த நான் வாங்கலடா. எம் பேரத்தான் நீ வாங்கிகினு போன. யாரு வேணுமோ அவங்கள பேரு சொல்லிக் கூப்புடச் சொல்லு. வரேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவனுக்கு, அவள் விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்துவிட்டது. காது சிவக்க மேடைக்குப் போய் மைக் பிடித்தவரிடம் ஏதோ சொன்னான். அவர் சரியாகக் காதில் விழாத மாதிரி இன்னொரு தரம் கேட்டார். பிறகு அறிவித்தார்: "மணமகனின் தாயார், திருமதி துலுக்காணம், மேடைக்கு வரவும்."

அவள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தின் நடுவே நிதானமாக நடந்து போய் புருஷன் பக்கத்தில் நின்றாள். போட்டோவில் சிரிக்கவில்லை.

பந்தியில் அய்யனார் தேடிக்கொண்டு வந்தார். "முன்னயே சொல்லியிருக்கலாமே சம்மந்தி."

"இன்னாத்த?"

"இல்ல... பேரு ஒரு மாதிரி கீதுன்னு எங்காளுங்க கேக்கறாங்க. நீங்க அந்த ஆளுங்களா?"

பழைய வாக்கியம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. எதிர்ப்பந்தியில் ஜரீனா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துலுக்காணம் அதை விழுங்கினாள்.

"அத உங்க மருமகனக் கேளுங்க. அவருதான் பேரு வைக்கிறதுல கெட்டிக்காரரு" என்று சொல்லிவிட்டு, இலையில் விழுந்த பாயசத்தை வழித்து உறிஞ்சினாள்.

போளூர்ப் பக்கம் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு பேச அவர்களுக்கு வேறு கல்யாணம் கிடைத்தது. சங்கீதா மட்டும் ஒருநாள் போனில், "அத்தே, உங்க பேருக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள். ஏளனமில்லாத கேள்வி. ஏரிக்கரைச் சாமியைப் பற்றியும், பிழைக்காமல் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் வெகுநேரம் சொன்னாள் துலுக்காணம். அவங்க இல்லை, இவங்க இல்லை என்ற பேச்சே அதில் வரவில்லை.

பிள்ளையோடு இன்னும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தட்டு வைத்துப் பரிமாறுவாள், அவ்வளவுதான். போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான்.

"இன்னும் கோவமாம்மா?"

"ஆமா" என்றாள். அடுத்த ஈடு இட்லிக்கு மாவு ஊற்றத் திரும்பிக்கொண்டாள்.