நரிக்குட்டிக்குக் கொடுத்த கோட்டு

நம் வீட்டுக் கொடிக்கம்பியின் ஓரத்தில் ஒரு மர ஹேங்கர் தொங்குகிறதே, ஒரு ஆளின் தோளை அப்படியே வெட்டி மாட்டியது போல அகலமாக, தடியாக. உங்கள் சட்டை எதுவும் அதில் ஒழுங்காக நிற்பதில்லை. சின்னவன் ஒரு தடவை அதை எடுத்துக் கிரிக்கெட் ஆடப் பார்த்தான், நான் வீடே அதிரச் சத்தம் போட்டேன். ஒரு கட்டைக்கு அப்பாவுக்கு இவ்வளவு கோபமா என்று இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். அன்றைக்கு நான் காரணம் சொல்லவில்லை. பெரியவள் அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, அப்படி இப்படித்தான் இருக்கும்.

பெரியவள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறேன். அப்போது நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு லாண்டரியில் இருந்தேன். ஒரு பக்கம் கராஜ், மறுபக்கம் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை, நடுவில் நாங்கள். எனக்குக் கறை எடுக்கும் வேலை, அது முடிந்தால் இஸ்திரி. ஒரு துணி எங்கள் கையை விட்டுப் போகும்போது அதற்குள் ஒரு மனுஷன் இருந்தான் என்ற அடையாளமே இருக்கக் கூடாது. வேர்வை, சாப்பாட்டு வாசனை, புகை எல்லாம் போய், கடையின் மணம் மட்டும் நிற்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

சனிக்கிழமைதோறும் ஒருவர் பிக்-அப் வண்டியில் தன் அர்பாபின், அதாவது அரபு முதலாளியின், வீட்டுத் துணிகளைக் கொண்டுவருவார். அரபிகள் உடுத்தும் நீள வெள்ளை அங்கிகள், மூட்டையாக. பண்ணை அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுவோம். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஊரில் வள்ளத்தில் கடலுக்குப் போனவர், இங்கே வந்து தைத் என்ற ஊருக்குப் போகும் ரோட்டுக்கு உள்ளே ஒரு பண்ணையில் மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அர்பாபுக்குத் தாயில்லாத காட்டு மிருகங்களை எடுத்து வளர்ப்பதில் பிரியம். மான் குட்டி, முள்ளெலி, சிறகொடிந்த கழுகு என்று எதையாவது யாராவது கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் தாய். கடைப் பையன்கள் விடமாட்டார்கள். "என்னண்ணே, இன்னைக்கு எந்தப் பிள்ளைக்குப் பால் பாட்டிலு?" என்பார்கள். அவர் மூட்டையை இறக்கிக்கொண்டே, "ஒனக்கு வேணும்னா சொல்லு மக்கா, புது ரப்பர் மாட்டித் தாறேன்" என்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் சிரிக்கவில்லை. கல்குவாரிக்குப் போகும் ரோட்டில் ஒரு நரியை லாரி அடித்துவிட்டது. பக்கத்து மேட்டு வளையில் மூன்று குட்டிகள். இரண்டு செத்துப்போய், ஒன்றுதான் மிச்சம். கண் திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். "பஞ்சு வச்சுப் பாத்தேன், கம்பளி வச்சுப் பாத்தேன், ஒண்ணுலயும் கெடக்க மாட்டேங்கு. செவுத்தையே மோந்து மோந்து அழுது. அழுத களைப்புல பாலும் எறங்கல" என்றார். பண்ணைக்கு வரும் மிருக டாக்டரம்மா ஒரு வழி சொன்னாராம். வெளிநாடுகளில் பழைய ரோமக் கோட்டு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட குட்டிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள், குட்டி தாய் என்று நினைத்து அதற்குள் புகுந்து தூங்கிவிடும் என்று. "ஒங்க கடையில எவளாவது வெள்ளக்காரி விட்டுட்டுப் போனது கெடக்கா, மக்கா?"

கிடந்தது. குளிர்நாட்டுக்குப் போய்வரும் ஒரு அம்மாள் சுத்தம் செய்யக் கொடுத்த கோட்டு. அவர் நாட்டை விட்டே போய், இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பழுப்பும் கறுப்பும் கலந்த ரோமம், இந்த ஹேங்கரில்தான் தொங்கும். மேனேஜரிடம் கேட்டேன். எடுத்துக்கொண்டு போ, அலமாரியாவது ஒழியட்டும் என்று மலையாளத்தில் சொன்னார். பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டவன், "நரிக்குக் கோட்டு சரி, டை யாரு கட்டிவிடுறது?" என்றான். நானும் சிரித்தேன்.

பிறகு நான் செய்ததுதான் இன்றைக்கும் நெஞ்சில் உறுத்துவது. ஒரு வருஷம் தொங்கின கோட்டை அப்படியே கொடுக்க மனசு வரவில்லை. நம் கையால் போகிறது, பளிச்சென்று போகட்டும் என்று மெஷினில் போட்டு மருந்தில் சுத்தம் செய்தேன். ரோமத்தைச் சீவினேன். பெரிய வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் அடிக்கும் வாசனைத் தைலத்தை இரண்டு தடவை அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன். திங்கட்கிழமை அண்ணன் வந்து உறையோடு வாங்கிக்கொண்டார். ஹேங்கரை மட்டும், "நரிக்கு எதுக்குடே இது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்கு ஊரிலிருந்து போன் வந்தது. உங்கள் மாமா பேசினார். எட்டாம் மாதத்திலேயே அம்மாவுக்கு வலி வந்து, சிவகங்கை ஆஸ்பத்திரியில் பெண் பிறந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். "பயப்படாதீங்க மச்சான்" என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் பயப்பட்டிருக்க மாட்டேன். இப்போது போல முகம் பார்த்துப் பேசும் போன் அப்போது இல்லை. கார்டு வாங்கி, சுரண்டி, நம்பர் அழுத்தி, லைன் கிடைத்தால் உண்டு. கிடைத்தபோது உங்கள் அம்மா பேசவில்லை, அழுதாள். லீவு கேட்டேன். ஆள் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

புதன்கிழமை மறுபடி போன். ஊர்தான் என்று ஓடினேன். பண்ணை அண்ணன். "நீ இதுல என்ன எழவடே ஊத்துன? கிட்ட போகுது, தும்முது, பின்னால ஓடுது. கண்ணெல்லாம் தண்ணி. வெறும் தரையில கெடந்து நடுங்குது." போனை வைத்துவிட்டார். ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் புத்திக்குள் ஒரு கணக்கு ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் என் குட்டி, இங்கே தரையில் தாயைப் பறிகொடுத்த ஒரு குட்டி. இது போனால் அதுவும் போகும் என்று எனக்கு நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் அவிழ்க்க முடியவில்லை. இரண்டு நாளும் எந்தத் துணியை எடுத்தாலும் கடையின் அந்த மணம் எனக்குக் குமட்டியது.

வெள்ளிக்கிழமை டூட்டி இல்லை. தண்ணி லாரிக்காரர் ஒருவரைக் கெஞ்சி ஏறிக்கொண்டு விடிந்ததும் பண்ணைக்குப் போனேன். கூண்டறையின் மூலையில் அது கிடந்தது. என் உள்ளங்கை அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காது. வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. கோட்டு எட்டக் கிடந்தது, அறை முழுக்க என் தைல வாசனை. அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "ஒம்பிள்ளைய எதுலடே கெடத்திருக்கு? புதுத் துணியிலயா?"

எனக்குப் பொறி தட்டியது. உங்கள் அம்மா ஐந்தாம் மாதத்திலிருந்தே தன் பழைய நூல்சேலை இரண்டை எடுத்து வைத்திருந்தாள். உடுத்தி உடுத்தி நைந்தது, சோப்பு போடாமல் அலசி அலசிக் காயப்போட்டது. பிறந்த பிள்ளையை நம் பக்கத்தில் புதுத் துணியில் கிடத்துவதில்லை. தாய் உடுத்தின சேலையில்தான் சுற்றுவார்கள், அதில்தான் தூளி கட்டுவார்கள். ஊரில் எந்த வீட்டிலும் சொல்லித் தராமலே தெரிகிற விஷயம். அதை அத்தனை வருஷ லாண்டரியில் நான் மறந்தே போயிருந்தேன்.

கோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரோமத்தில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் தோல் விறைத்துவிடும். அது என் தொழில் எனக்குத் தெரியும். வெயிலும் மணலும்தான் வழி. சூடேறிய மணலை அள்ளி அள்ளி ரோமத்துக்குள் விட்டுத் தேய்த்தோம், உதறினோம், மறுபடி தேய்த்தோம். உள்பக்கத்துப் பட்டுத்துணியில்தான் மருந்து ஊறியிருக்கும் என்று அதைப் பிரித்தேன். பிரித்ததும் இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டோம். வெளியே ஒரே தோல் மாதிரி இருந்தது, உள்ளே கையகலத் துண்டுகளாக ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது. வரிசை வரிசையாகத் தையல், துண்டுக்கு ஒரு மிருகம். அண்ணன் ஒவ்வொரு துண்டாக விரலை வைத்துக்கொண்டே போனார். பாதியில் விட்டுவிட்டு, "இதுல எத்தன தாயோ" என்றார். மத்தியானம் தாண்டி, ரோமத்தில் மணல் வாசனை தவிர வேறெதுவும் இல்லை என்று ஆனபின், ஒரு துண்டை வெட்டி, அடியில் வெந்நீர் பாட்டில் வைத்து, குட்டிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டோம்.

அது வரவில்லை. மூக்கை மட்டும் நீட்டியது. தலையைத் தரையில் போட்டுக்கொண்டது. நான் கதவிடுக்கில் கண்ணை வைத்து மூச்சு விடாமல் நின்றேன். வெளியே திரும்பி வந்த லாரிக்காரர், கிளம்பச் சொல்லி, "யல்லா, யல்லா" என்று ஹார்ன் அடித்தார். "போடே. நாம நின்னா அது வராது" என்றார் அண்ணன். போனேன். என்ன ஆயிற்று என்று தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்பதை அந்த வழி முழுக்கத் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. வேறொருவன் துணி மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். கேட்டால், தெரியாது என்று இந்தியில், "மாலும் நஹி பாய்" என்றான். நான் ஒரு வெள்ளை அங்கியில் இஸ்திரிச் சூடு பதித்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிறு காலையில் கடைப் போன் அடித்தது. "பூந்துட்டுடே. நேத்துக் காலம்பற பாத்தா வாலு மட்டும் வெளிய தெரியுது. ரெண்டு பாட்டிலு பாலு குடிச்சுது. நான் அத விட்டு அசையல, அதான் வரல." சரிண்ணே என்றேன். சந்தோஷப்படப் பயமாக இருந்தது. முடிச்சில் பாதிதானே அவிழ்ந்திருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் கார்டைச் சுரண்டிக்கொண்டு தெருமுனைப் போன் பெட்டிக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல் கடைக்குப் போட்டு, ஆள் விட்டு, உங்கள் அம்மா வந்து போனை எடுத்தாள். குரல் தெளிவாக இருந்தது. காலையில் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் கொடுத்தார்களாம். பழைய சேலையில் சுற்றிக்கொள்ள நர்ஸ் சம்மதித்துவிட்டாளாம். "பாப்பா தூக்கத்துல லேசாச் சிரிக்குதுங்க. நரி வெரட்டுதுன்னு எங்கம்மா சொல்றாக."

பச்சைப்பிள்ளை தூக்கத்தில் சிரித்தாலும் சிணுங்கினாலும் கனவில் நரி வந்து விரட்டுவதாக நம் பக்கத்தில் சொல்வார்கள். காலங்காலமாகச் சொல்கிற பேச்சு. உங்கள் அம்மாவுக்கு நரிக்குட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் போன் பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். "ஏங்க, இருக்கீங்களா?" என்று கார்டு தீரும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் குட்டி வளர்ந்து, கோட்டுத் துண்டையெல்லாம் கடித்துக் குதறிவிட்டு, ஒரு நாள் வேலியைத் தாண்டிப் போய்விட்டது என்று பின்னால் ஒரு தடவை நான் பண்ணைக்குப் போயிருந்தபோது அண்ணன் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார், ஆனால் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். அவரும் ஊருக்குப் போய்விட்டார். இப்போது எங்கே என்று தெரியவில்லை. நான் லாண்டரியை முடித்துக்கொண்டு வந்தபோது என் பெட்டியில் எடுத்துப்போட்ட ஒரே கடைப் பொருள் இந்த ஹேங்கர், மேனேஜரிடம் கேட்டு வாங்கியது.

பெரியவளே, ஹாஸ்டலுக்கு நீ எல்லாம் புதுசாகத்தான் வாங்கியிருக்கிறாய். போர்வை, விரிப்பு, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல். நேற்று அம்மா தன் பழைய சேலை ஒன்றை மடித்து உன் பெட்டிக்குள் வைத்தாள். நீ, "பழசு எதுக்கும்மா, எல்லாரும் சிரிப்பாங்க" என்று எடுத்து வெளியே போட்டாய். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சேலையை நான் இந்த ஹேங்கரில் போட்டு வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை. இஸ்திரியும் போடவில்லை.