பூஜையில் இருந்த ஜாக்கி

பாகூரில் ஒரு நிலக்காரர் வீட்டில் நான் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். புதுச்சேரித் துரை ஒருவர் ஓட்டிக் களைத்த பழைய வண்டி அது. கீழே படுத்துச் செய்கிற வேலை வாரம் ஒன்றாவது இருக்கும். அதற்கான முறையைப் பட்டறையில் கற்றிருந்தேன். கெட்டித் தரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்க வேண்டும். பிறகு அச்சின் கீழ் புளியங்கட்டை வைத்து, வண்டியை அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால்தான் உள்ளே நுழையலாம். செங்கல்லை மட்டும் நம்பவே கூடாது.

அந்த ஆயுத பூஜையன்று ஜாக்கி, திருகு சாமான்கள், இரண்டு புளியங்கட்டைகள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து, கூடத்தில் ஏர், கலப்பையோடு நானே அடுக்கினேன். படைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள்.

மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, விடிந்ததும் பேரப்பிள்ளைக்கு எழுத்து ஆரம்பிக்க வில்லியனூர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். வண்டியைப் பார்த்தேன். பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்குகிற இரும்பு வில்லில் ஒரு பட்டை ஒடிந்திருந்தது. அப்போதே உள்ளே போய், ஜாக்கியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கலாம். கூடம் முழுக்க அவர் வீட்டு உறவினர்கள். வாசற்படி வரை போனேன், திரும்பி வந்துவிட்டேன்.

என் மனைவியின் அண்ணன் வண்டிச் சக்கரம் செய்கிறவர். அவரைப் போய் அழைத்து வந்தேன். அவருடைய உளியும் இழைப்புளியும் பூஜையில்தான் இருந்தன. ஒடிந்த இடத்தில் மூங்கில் சிம்பு வைத்து, நனைத்த கயிற்றால் இறுக்கிக் கட்டினால் வில்லியனூர் போய் வரலாம், அதற்கு ஆயுதமே வேண்டாம் என்றார். ஆட்கள் நாலு பேர் பனஞ்சட்டத்தைக் கொடுத்து நெம்ப, அச்சின் கீழ் செங்கல்லை அடுக்கினார். நான் தயங்கி நின்றதைப் பார்த்துச் சிரித்தார்.

"மாட்டு வண்டியத் தெனம் தூக்கறவன் நானு. ஒன் மோட்டாருக்கு மட்டும் இன்னா, கொம்பா மொளச்சிருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆட்கள் சுண்டல் வாங்க உள்ளே போனார்கள். அவர் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

கயிற்றை அவர் இழுக்கும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. நடுக் கல்லிலிருந்து சிவப்புப் பொடி உதிர்வதைப் பார்த்தேன்.

"மச்சான், செத்த வெளிய வாயேன்" என்றேன்.

"இன்னா மாப்ள, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் முணுமுணுக்கற? ரெண்டு சுத்துதான் பாக்கி."

மறுபடி சொல்லவில்லை. அவர் இன்னொரு சுற்று சுற்றினார். கல் வெடிக்கும் சத்தம் கேட்டதும் அவர் கால் இரண்டையும் பிடித்து இழுத்தேன். உடம்பு வந்துவிட்டது. இடது கை வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். சட்டத்தை மறுபடி கொடுக்க ஆட்கள் பயந்தார்கள். நழுவினால் கை முழுதும் போய்விடும். முதலாளி கூடத்துக்குள் போய், சந்தனமும் பூவுமாக ஜாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதை அச்சின் கீழ் வைத்து வண்டியைத் தூக்கினேன்.

மாட்டு வண்டியில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அன்று வீட்டு வாசலில் மாட்டு வண்டி ஏறுமுன் முதலாளி என் பக்கம் வந்து, "கேட்டிருந்தா குடுக்கமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கொடுத்திருப்பாரா, தெரியாது. நான் கேட்கவில்லை என்பது தெரியும்.

மச்சானால் பிறகு உளியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. சக்கர வேலையை விட்டுவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்தவரை நான் அவர் உயிரைக் காப்பாற்றியவன். வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் பிள்ளைகளிடம் சொல்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கல்லு தாங்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்" என்றேன்.

அவளுக்குப் படிக்க வராது. இதை எழுதி முடித்ததும் நானேதான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.