மாஸ்க்குக்குள்ளே சொன்னது

கொரோனா வந்த பிறகு ஊரில் எல்லாரும் வாய்க்குள்ளேயே முனக ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் இசக்கிச்செல்வி நினைத்திருந்தாள். ரேஷன் கடைக்காரர் முனகினார், மருந்துக் கடைக்காரர் முனகினார், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்கூட முனகினார். நோய்க்குப் பயந்து மனுசர்களுக்குச் சத்தமே எழும்பவில்லை, பாவம், என்று அவள் இரக்கப்பட்டாள். கோளாறு தன் காதில் என்பது அவளுக்கு எட்டவே இல்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவளைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே விசைத்தறி செட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தறிகள் எல்லாம் ஒருசேர ஓடும்போது, பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மாமியார் சண்டை, சினிமாக் கதை, இன்று யார் வீட்டில் என்ன குழம்பு என்பதெல்லாம் கண்ணாலேயே கேட்டாகிவிடும். வருசம் போகப் போக, செட்டுக்கு வெளியிலும் அவள் உதடுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். காது எப்போது கழன்றுகொண்டது என்று காதுக்கே தெரியாது.

இன்னொரு பழக்கமும் செட்டில் ஒட்டிக்கொண்டது. எதிராளி சொன்னது பிடிபடாவிட்டால் தலையை ஆட்டிவிடுவது. தறியை நிறுத்திவிட்டுப் போய் “என்ன சொன்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஆகுமா? தலையாட்டினால் அவளுக்கும் திருப்தி, துணிக்கும் சேதமில்லை. அப்படி ஆட்டி ஆட்டி இசக்கிச்செல்வி பூம்பூம் மாடாகவே ஆகியிருந்தாள். அந்தத் தலையாட்டல்தான் அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அவளுடைய புருசன் துரைப்பாண்டி சந்தையில் மூட்டை தூக்கியவன். இரண்டாவது அலையில் அவனுக்கு மூச்சு முட்டி, பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, செத்துப் பிழைத்து வந்தான். வந்தவன் பழைய துரைப்பாண்டி இல்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இன்னொரு தடவை இது வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் மாஸ்க் சட்டம் போட்டாள் இசக்கிச்செல்வி. துரைப்பாண்டிக்கு மட்டும் விலக்கு, அவனுக்கு மூச்சு விடவே கஷ்டம். அவளும் மகள் அபிதாவும் சாப்பிடும் நேரம் தவிர மூக்கையும் வாயையும் காட்டக் கூடாது. சாப்பாட்டையும் வாசல் பக்கம் போய்த்தான் சாப்பிட வேண்டும். தினம் காலையில் சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைக் கரைத்து அவன் நெஞ்சில் பூசினாள். இருமல் குறைந்துகொண்டு வருவதாக அவளுக்குத் தோன்றியது, அதில் ஒரு சின்ன நிம்மதி.

அபிதா ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்தில் சும்மா இருப்பானேன் என்று செட்டுக்கு வந்து தார் சுற்றினாள். தறிக்குள் ஓடுகிற நாடாவில் வைக்கும் குச்சியில் நூலைச் சுற்றுகிற வேலை அது. அவள் கை பறந்தது. “புள்ளைக்குக் கை நல்லா ஓடுது. பேசாம இங்கனயே வரட்டும்,” என்று முதலாளி அண்ணாச்சி மாஸ்க்கை இறக்கிவிட்டு மெச்சிக்கொண்டார். அந்த மெச்சல் இசக்கிச்செல்விக்குப் பிடிக்கவில்லை. தெருவில் அபிதாவுக்கு மூத்த பிள்ளைகள் இப்படித்தான் கொஞ்ச நாளைக்கு என்று தார் சுற்றப் போனார்கள். பிறகு பெரிய வகுப்புகளை மட்டும் திறந்தபோது அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அபிதா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மழைக்காலம் முடிவதற்குள் அவள் வகுப்பிலேயே ஒருவனுக்குக் கொரோனா என்று சேதி வந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டி மருந்தடித்தார்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பேசப் பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை வேதமணி டீச்சர்.

கூட்டத்துக்குக் கிளம்புமுன் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் வழக்கு நடந்தது.

“அனுப்பு. எனக்காகப் புள்ளைய முடக்கிராத,” என்றான் துரைப்பாண்டி. அவன் மாஸ்க் போடாததால் அவன் பேச்சு மட்டும் அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

“அவ வாங்கிட்டு வந்து ஒங்களுக்கு ஒட்டிக்கிட்டா?”

“ஒட்டாது.”

“ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காகளா?”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அவனைக் குனிய வைத்துவிட்டது. மூச்சு திரும்பி வந்ததும் மறுபடி அதையே சொன்னான். “தறிக்குப் போனவ திரும்ப மாட்டாட்டி. ஒனக்குத் தெரியாதா? அனுப்பு.”

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பயம். மகளை அனுப்பினால் புருசனை நினைத்துப் பயம், நிறுத்தினால் மகளை நினைத்துப் பயம். கிளம்பும்போது பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, அனுப்புவது என்று முடிவு செய்தாள்.

பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம். தரையில் சுண்ணாம்பு வட்டம், வட்டத்துக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு மாஸ்க். தகரத்தில் மழை கொட்டியது. அங்கே பேசியது ஒன்றும் இசக்கிச்செல்விக்குக் கேட்கவில்லை. நமக்குக் கேட்டதைச் சொல்லிவிடலாம்.

“பாதிப் புள்ளைக ஒரு நாளு, மீதி மறுநாளு வரட்டும் டீச்சர். ஜன்னலப் பூரா தொறந்து போடுங்க,” என்றார் செல்போன் கடை ரிஸ்வான் அகமது.

டீக்கடை பேச்சிராஜ் எழுந்துவிட்டார். “ஜன்னலத் தொறந்தா சாரலு அடிக்கு. சாரலு அடிச்சா சளி பிடிக்கும். அது வெறும் சளியா, இல்ல அந்தச் சனியனான்னு யாரு கண்டா? பூட்டுங்க, மழ முடியட்டும்.”

“பூட்டிக் கெடந்தப்ப ஒங்க மகன் என்னத்தப் படிச்சான் அண்ணே? போன்ல துப்பாக்கி சுடத்தான் படிச்சான்!” என்றார் ரிஸ்வான்.

“உசுரோட இருந்தாப் படிச்சுக்கிடலாம்லா!”

வேதமணி டீச்சர் கையமர்த்தினார். “சோறு திங்கயிலதான் புள்ளைக மாஸ்க்கக் கழத்துது. அங்கனதான் எனக்கும் பயம். வகுப்பு வகுப்பா மரத்தடியில உக்கார வச்சிருதேன்.”

“மழ பேஞ்சா மரத்தடிக்கு எங்க போவீங்க?” என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் நடக்கும், பாதிப் பாதியாக. வீட்டில் நோயாளி இருக்கிறவர்களும் அனுப்பப் பயப்படுகிறவர்களும் பிள்ளையை இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம், பெயரை எடுக்க மாட்டார்கள். “நிப்பாட்டிக்கிடுதவங்க மட்டும் கையத் தூக்குங்க,” என்றார் டீச்சர்.

முதல் கை பேச்சிராஜுடையது. இசக்கிச்செல்வி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரடங்கு முழுக்க, இந்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்து தொலைத்தால் என் பிள்ளை என் உயிரை எடுக்க மாட்டானே என்று டீக்கடையில் மாஸ்க் இல்லாமல் புலம்பிய மனுசர் அவர். இவ்வளவு ஆவேசமாகக் கையை ஆட்டிப் பேசியது திறக்கச் சொல்லித்தான் என்று அவள் கணக்குப் போட்டாள். பேச்சிராஜின் கை ஏறியதும், அனுப்புகிறவர்கள்தான் கை தூக்குகிறார்கள் என்று அவளும் கையைத் தூக்கினாள், உயர உயரத் தூக்கினாள்.

டீச்சர் அவள் வட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, “வீட்ல அவுகளுக்காகத்தானம்மா? சரிதான்,” என்றார். கண்ணில் கனிவு தெரிந்தது. இசக்கிச்செல்வி தலையாட்டினாள். வராந்தாவில் நின்ற அபிதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் குடைக்குள் அபிதா என்னவோ கேட்டாள். புது நோட்டு வேண்டுமாயிருக்கும். இசக்கிச்செல்வி தலையாட்டினாள். மறுநாளும் அடுப்படியில் வந்து நின்று கேட்டாள். அதற்கும் ஒரு தலையாட்டல். விடியுமுன்னே வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவள், பிள்ளை ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா வருத்தப்படுவார் என்று அவரிடம் அபிதா, பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை என்றே சொல்லியிருந்தாள். கூட்டத்தன்று பாதிப் பாதி என்று கரும்பலகையில் எழுதியிருந்ததை இசக்கிச்செல்வி வாசித்திருந்தாள். மகள் முகத்தில் சிரிப்பு இல்லை என்பது தெரியவில்லை, முகத்தில் பாதிதான் வெளியே இருந்தது.

அந்த வாரமே அபிதா செட்டுக்கு வந்து தார் சுற்றும் ராட்டு முன்னால் உட்கார்ந்தாள். இன்றைக்கு லீவு முறை போல என்று இசக்கிச்செல்வி தறியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். பக்கத்துத் தறி சுந்தரம்மாள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் வேலை பார்ப்பாள். அவள் உதடு சொன்னது:

“ஏன் இசக்கி, புள்ளையப் படிப்ப நிப்பாட்டிட்டியாமே? கூட்டத்துல நீயும் கையத் தூக்குனியாம். டீ கொண்டாந்த பேச்சிராஜண்ணாச்சி சொல்லுதாரு.”

ஊரே கூடிப் பேசியது கேட்காதவளுக்கு, இத்தனை தறி இரைச்சலுக்கு நடுவில் இது மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டது. இந்தத் தடவை அவள் தலையாட்டவில்லை. தறியை நிறுத்தினாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செட்டுக்கு வெளியே போனாள். தூறலில், தள்ளி நிற்கவைத்து, “மாஸ்க்க எறக்குட்டி,” என்றாள்.

அபிதா பயந்துபோய் இறக்கினாள்.

“எதுக்குட்டி பள்ளிக்கூடம் போவல?”

“நீதான எம்மா கையத் தூக்குன?”

“நான் ஒன்ன அனுப்பத்தானட்டி தூக்குனேன்!”

“குடையில வாரப்பவே கேட்டேனே, நான் இனிமே போவ வேண்டாமாம்மான்னு. நீ தலையாட்டுன. மறுநாளும் கேட்டேன். அப்ப நான் தார் சுத்தவே போயிரட்டான்னு கேட்டேன். அதுக்கும் தலையாட்டுன. அழுதுக்கிட்டே கேட்டேம்மா.”

பிள்ளை அழுதிருக்கிறாள், பக்கத்தில் நின்று அழுதிருக்கிறாள், இவள் குழம்பைக் கிண்டிக்கொண்டு தலையாட்டியிருக்கிறாள். ஊர் முனகவில்லை, தன் காதுதான் செத்துப்போயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்து அவளை உலுக்கியது.

“ஏட்டி, ஒங்கப்பாவுக்கு இருமல் கொறஞ்சிருக்கா?”

அபிதா அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். “கொறயலியே. நீ அந்தப் பக்கம் திரும்பி வேல செய்யயிலெல்லாம் இருமுதாக. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது. புற்றுமண் கேட்டது என்று கோவிலுக்கு ஒரு தேங்காய்கூட உடைத்துவிட்டு வந்திருந்தாள்.

நூல் தும்பு ஒட்டிய சேலையோடு அப்படியே, மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வேதமணி டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். இசக்கிச்செல்வி மைதானத்தில் நின்றுகொண்டாள். தறிக்காரிக்கு மெதுவாகப் பேச வருமா? ஏற்கெனவே குரல் ஊருக்கே கேட்கும், இப்போது பதற்றம் வேறு.

“டீச்சர், எனக்குக் காது கேக்காது! அன்னைக்கு நீங்க கேட்டது எனக்குக் கேக்கல! தப்பாத் தூக்கிட்டேன்!”

வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. செவிடி என்ற ஒரு சொல்லுக்குப் பயந்துதான் எத்தனை பேர் கடைசி வரை தலையாட்டியே காலத்தை ஓட்டுகிறார்கள். இவள் அதை மைதானத்தில் நின்று கூவிவிட்டாள். அவமானமாகத்தான் இருந்தது, காது மடல் சுட்டது.

டீச்சர் வராந்தாவின் அந்தக் கடைசிக்குப் போய், ஆள் அரவம் இல்லாத இடத்தில் நின்று, மாஸ்க்கை இறக்கினார். நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“வீட்ல அவுகளுக்கு ஒண்ணுன்னா என்னம்மா செய்வ?”

அந்தக் கேள்விக்குப் பேச்சிராஜிடமும் பதில் இல்லை, ரிஸ்வான் அகமதிடமும் இல்லை, கேட்ட டீச்சரிடமே இல்லை.

“தெரியல டீச்சர்,” என்றாள் இசக்கிச்செல்வி. “ஆனா இவ வரட்டும்.”

அபிதா மறுநாளிலிருந்து போனாள். வந்ததும் வாசலிலேயே குளித்து, உடுப்பு மாற்றி, மாஸ்க்கோடுதான் உள்ளே நுழைந்தாள். வீட்டில் புதிதாக ஒரு சட்டமும் வந்தது. அம்மாவிடம் என்ன சொல்வதானாலும் தோளைத் தொட்டுவிட்டு, தெருவில் இறங்கித் தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வருகிற இசக்கிச்செல்விக்காக அவள் தெருவிளக்கடியில் காத்து நிற்பாள். வகுப்பில் நடந்தது, ஜன்னலோரம் நனைந்தது என்று எல்லாம் ஒப்பிப்பாள். கடைசியாக அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள், அப்பா இருமினாரா என்று. இவளுக்கு இப்போது காது அந்தப் பிள்ளைதான்.

“இன்னைக்கு அவ்வளவா இருமலம்மா,” என்றாள் அபிதா ஒருநாள்.

இசக்கிச்செல்வி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருமினார் என்று சொன்னால் பள்ளிக்கூடம் போக முடியாது என்பது அபிதாவுக்கும் தெரியும். உதடு சொன்னது ஓர் எழுத்து விடாமல் புரிந்தது, அது மெய்யா பொய்யா என்பதுதான் தெரியவில்லை. பழக்கத்தில் ஆடப் போன தலையை நிறுத்திக்கொண்டு, கை காலைக் கழுவி, மாஸ்க்கைச் சரியாக இழுத்துவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த துரைப்பாண்டியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.