முல்தே தாண்டிய நாள்

தோர்மோடுக்கு மனிதர்களோடு பேசத் தெரியாது. வாயைத் திறந்தால் வம்புதான். குளிர்காலம் முழுக்க மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். பனியில் புதைந்த காருக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவர்களை இழுத்துக் காப்பாற்றிவிட்டு, "இந்தச் சட்டையோட மலையேற வந்தீங்களா?" என்று திட்டி அனுப்புவான். கனிவெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த நாய்களுக்குத்தான். ஒருமுறை எங்கள் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் நீண்ட நாய்ச் சறுக்குவண்டிப் பந்தயத்தில் ஓடிக் கடைசியாக வந்தான். கடைசியாக வருபவருக்குச் சிவப்பு லாந்தர் கொடுப்பார்கள். அதைக் கழிப்பறையில் மாட்டிவைத்துக்கொண்டு, "மொதல்ல வந்தவன் பேரு யாருக்கு ஞாபகம் இருக்கு? லாந்தர் என்கிட்ட இருக்கு" என்பான்.

நான் சூல்ஃப்ரிட், பக்கத்து வீட்டுக்காரி. அவன் வயதுதான் எனக்கும். அவன் நாய்கள் ஊளையிடும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து திட்டியவள். அந்த வருஷம் அவன் நுரையீரல் நோய் முற்றிவிட்டது. இளவட்டங்கள் வந்து நாய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். ஊளை குறையக் குறைய, ஜன்னலைத் திறந்து காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். முல்தேயை மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஓடி வழிகாட்டும் நாய் அவள். ஆனால் வயதேறிவிட்டது, அவன் குரல் தவிர வேறு குரலுக்குக் காதைக்கூட அசைக்கமாட்டாள்.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட நாய்க்குத் துப்பாக்கிதான். அதை யாரும் பாவமென்று நினைப்பதில்லை. கட்டிப்போட்டு ஏங்க விடுவதுதான் பாவம். ஈஸ்டர் முடிந்ததும் அவன் ஹம்மர்ஃபெஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திரும்பி வரமாட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"போறதுக்கு முன்னாடி அவளை நானே முடிச்சிடறேன்" என்றான்.

"யோவ், என்கிட்ட குடு. பனிச்சறுக்குப் போறவதானே நான்? இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு அவளை முன்னால ஓட விடறேன்."

"நீயா? அவ ஒரு இழுப்பு இழுத்தா உன் பல்லு ஏரியில கெடக்கும்."

"இருக்கறதே நாலு பல்லு. போனாப் போகட்டும்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தான். "சரி. சனிக்கிழமை பாக்கலாம். உன்னோட ஓடுனா உனக்கு. ஓடலேன்னா அப்புறம் என்கிட்ட கெஞ்சக் கூடாது."

சனிக்கிழமை காலை நல்ல வெயில். ராத்திரிக் குளிரில் பனி இறுகி, உறைந்துகிடந்த ஏரி சறுக்குவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. கரையோரம் ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக நெருப்பு மூட்டிக் காபி வைத்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். தோர்மோட் பனி ஸ்கூட்டரில் முல்தேயை ஏற்றிக்கொண்டு வந்தான். அவளுக்கு வார் பூட்டி, நீளக் கயிற்றின் மறுமுனையை, சறுக்குப்பலகையில் நின்ற என் இடுப்புப் பட்டையில் மாட்டினான்.

"போ" என்றேன். முல்தே போகவில்லை. பின்னால் சறுக்குவண்டியின் உரசல் சத்தம் இல்லை, கூட ஓட நாய்கள் இல்லை. திரும்பி வந்து என் கால்களைச் சுற்றினாள். கயிறு சிக்கி நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நாயைப் பழக்கச் சொன்னா பின்னல் போட்டுக்கிட்டு இருக்கா" என்றான் அவன். பிறகு ஸ்கூட்டரை முடுக்கி எங்களுக்கு முன்னால் போனான். அவ்வளவுதான், முல்தே பறந்தாள். நான் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கரையில் ஆரஞ்சு தின்றவர்கள் கைதட்டினார்கள். ஏரியைப் பாதி சுற்றியதும் எனக்குக் கால் பழகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவன் ஸ்கூட்டரை நிறுத்தினான். முல்தேயும் நின்றுவிட்டாள். அவள் என்னை இழுத்துக்கொண்டு ஓடவில்லை, அவன் பின்னால் ஓடியிருக்கிறாள்.

தோர்மோடுக்கும் அது புரிந்தது. மான்தோலைப் பனியில் விரித்து வழியோரமாக உட்கார்ந்தான். "இனிமே நான் முன்னால போகமாட்டேன். இங்கேயே இருக்கேன். என்னைத் தாண்டிப் போகணும்."

தாண்டு என்பது சறுக்குவண்டி நாய்க்கு ஒரு கட்டளை. வழியில் வேறு நாய்கள் நின்றாலும், கலைமான் நின்றாலும், எவனாவது சாசேஜை நீட்டினாலும் திரும்பாமல் போகவேண்டும். இந்த வட்டாரத்தில் அதை அவனைப் போல் பழக்கியவர் கிடையாது.

தூரத்திலிருந்து ஓடிவந்தோம். "தாண்டு" என்றேன். முல்தே நேராகப் போய் அவன் மடியில் தலையை வைத்தாள். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தொடவில்லை. மறுபடி போய், மறுபடி வந்தோம். மறுபடியும் மடிதான்.

"போதும்யா, அது நாய்தானே" என்றேன்.

"இன்னொரு தடவை. நீ வாயைத் திறக்காத."

இந்தமுறை நாங்கள் நெருங்கியபோது முல்தே வாலாட்டிக்கொண்டே அவன் பக்கம் ஒதுங்கினாள். தோர்மோட் நிமிர்ந்து உட்கார்ந்து, பனியில் புதைந்தவர்களைத் திட்டுகிற அதே குரலில் சொன்னான்: "முல்தே, தாண்டு."

அவள் காதுகள் பின்னால் மடிந்தன. ஒரு கணம் தடுமாறினாள். பிறகு கயிறு இறுகியது. அவன் முழங்காலை உரசுகிற தூரத்தில் ஓடினாள், பார்க்கவேயில்லை. அவள் வேகத்தில் எனக்கும் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "இடது" என்றேன், இடது போனாள். "வலது" என்றேன், வலது போனாள். வழியில் ஒரு குழந்தை நீட்டிய ரொட்டியையும் என் சொல்லுக்குத் தாண்டினாள். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

சுற்றி வந்தபோது மான்தோலும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. அவள் கண்ணில் படக் கூடாதென்று வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். பக்கத்து வீடுதான், சாயங்காலமும் வரவில்லை. ஃபோன் செய்தான்.

"ஓடுனாளா?"

"ஓடுனா. என் சொல்லுக்கே ஓடுனா."

"என்னைத் தாண்டுன பெறகு..." இருமல் வந்து பேச்சு நின்றது. "திரும்பிப் பாத்தாளா?"

"இல்ல."

"அதான் சரி. திரும்பிப் பாத்தா நல்ல நாயில்ல" என்றான். பிறகு அழுதான். நாற்பது வருஷத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை. ஃபோனை வைக்க மனமில்லாமல் நானும் அழுதேன். என் காலடியில் முல்தே களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.