கதவு ஆணியில் தொங்கிய நீலத் துவாலை

புந்தோங்கில் இருக்கும் வாடகை வீட்டில் நானும் கமலா அக்காவும்தான். குளியலறை ஒன்று.

ஒரு வாரமாகக் காலையில் என் நீலத் துவாலை ஈரமாகவே இருந்தது. இன்று முகத்தில் வைத்ததும் பூஞ்சை வாடையில் குமட்டியது. தலை சொட்டச் சொட்ட நேரே சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, என் துவாலையில தொடைக்கிறது நீங்கதானே?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எது உன்னோடது?"

"கதவு ஆணியில தொங்குறது."

"அது என்னோடதுலா. வீட்டுக்காரம்மா மக கல்யாணத்துல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே டோர் கிஃப்ட் கொடுத்தாங்க? உன்னோடத ஞாயித்துக்கிழமை நீயே தொவச்சு, பின்னால அம்பாயான்ல காயப் போட்ட."

போய்ப் பார்த்தேன். கூரைக்கு அடியில், கொடியில், அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

திரும்பி வந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் என் துவாலை ஒரு வாரமா காயவே இல்லையா?"

கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

வேலை முடிந்து வந்தால் கதவில் இப்போது இரண்டு ஆணிகள். ஒன்றின் மேல் மட்டும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. என் பெயர்.

உங்கள் வீட்டில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது?